ஓடைக்கு மீண்ட நீர்

அமெரிக்காவின் மேலைக் கரையிலுள்ள கலிபோர்ணியா மாநிலத்தின் கிழக்கெல்லையை ஒட்டிச் சியரா நெவாடா என்னும் மலைத்தொடர் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கின்றது. அதன் மேற்குச் சாரலில் மழையும் பனியும் மிகுதி. கிழக்குச் சாரலோ மலையின் மறைவிலே கிடக்கும் வறண்ட நிலம். குளிர்காலத்திலே சிகரங்களிற் படிந்து, வேனிலில் உருகி வழியும் உறைபனியே அந்நிலத்துக்கு உயிர் கொடுப்பது. அவ்வாறு உருகி வரும் ஓடைகளுள் றஷ், லீ வைனிங், பார்க்கர், வாக்கர் என்னும் நான்கும், தனித்தும் கலந்தும், மொனோ என்னும் ஏரியைச் சென்றடைவன. 1941ஆம் ஆண்டிலே இந்நான்கும் மறிக்கப்பட்டன. அதன்பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், பெருமழை பெய்த சில காலங்கள் நீங்கலாக, அவற்றின் கீழ்ப்பகுதியில் நீர் என்பதே இல்லை. இன்று அவற்றில் மீண்டும் நீர் ஓடுகின்றது. அந்நீர் எங்கிருந்து கிடைத்தது என்பதே, நேயர்களே, இவ்வுரையின் பொருள்.

மொனோ ஏரிக்கு வடிகால் இல்லை. மலையிலிருந்து வரும் நீர் அங்கே தங்கி வெயிலில் ஆவியாகும். அது கொண்டு வந்த உப்பு மட்டும் ஏரியிலே எஞ்சும். பல இலட்சம் ஆண்டுகளாக இவ்வாறு உப்புச் சேர்ந்தமையால் ஏரி நீர் கடல்நீரிலும் உவர்ப்பானது. அதில் மீன் வாழாது. மார்க் ட்வெயின் 1872இல் வெளியிட்ட பயணநூலில் இதனைப் பாழ்நிலத்து ஏரியென ஏளனஞ் செய்தார். அவர் கண்ணுக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. ஆயினும் மீன் வாழாத அந்நீரிலே நகக்கண் அளவான ஒருவகை உவர்நீர் இறாலும், கரையோரம் கருந்திரையாய் மொய்க்கும் ஒருவகை ஈயும் கணக்கிறந்து பெருகுகின்றன. அவ்வீயின் கூட்டுப்புழுவை அப்பகுதியின் பழங்குடிகள் திரட்டி உலர்த்தி உணவாகக் கொண்டனர். பறவைகளுக்கோ அது பெருவிருந்து. இனப்பெருக்கத்துக்காகப் பல்லாயிரம் கடற்காகங்கள் கடற்கரையை விட்டு மலை கடந்து அங்கு வருகின்றன. இலையுதிர் காலத்திலே பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட முக்குளிப்பான்கள் வந்து தங்கி, உண்டு கொழுத்துத் தெற்கே பறக்கின்றன.

இவ்வேரிக்குத் தெற்கே ஏறத்தாழ முந்நூற்றைம்பது மைல் தொலைவில் இருப்பது லொஸ் ஏஞ்சல்ஸ் மாநகர். 1781இல் ஸ்பானியர் ஒரு சிற்றாற்றங்கரையில் நிறுவிய சிற்றூரே பின்னர் அப்பெயர் பூண்ட நகராயிற்று. 1900ஆம் ஆண்டிலே அதன் குடித்தொகை ஏறத்தாழ ஒரு இலட்சம். அச்சிற்றாறு அதற்குமேல் தாங்காது என்பதை நன்கறிந்தவர் வில்லியம் மல்ஹொலண்ட். பெல்பாஸ்ட் நகரிற் பிறந்து, இளவயதிலே கடலோடியாகி, 1877இல் லொஸ் ஏஞ்சல்ஸ் சேர்ந்து, அந்நகரின் வாய்க்கால்களைத் துப்புரவு செய்யும் கூலியாளாய்த் தொடங்கி, ஈற்றில் நீர்வழங்கல் தலைமைப் பொறியியலாளராய் உயர்ந்தவர் அவர். சியரா மலையின் கீழைச் சாரலில் ஓடும் ஓவென்ஸ் ஆற்றை 233 மைல் நீளக் கால்வாயால் நகருக்குக் கொணர்ந்தார். வழியெங்கும் நீர் தன் பாரத்தாலேயே இறங்கி ஓடியது. 1913 நவம்பர் 5ஆம் நாள் நீர் பொங்கி வந்தபோது, கூடியிருந்த மக்களை நோக்கி, இதோ இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்ற பொருள்பட மிகச் சுருக்கமாகப் பேசி அமர்ந்தார் என்பர். பொறியியல் வினையென்ற வகையில் அக்கால்வாய் பெருஞ்சாதனையே.

ஆயின் எடுத்துக்கொள்ளப்பட்ட இடத்தின் கதை வேறு. ஓவென்ஸ் பள்ளத்தாக்கின் உழவர் நிலங்களையும் நீருரிமைகளையும் நகரம் பெரும்பாலும் விலைக்கு வாங்கியது. வாங்கிய முறை நேரியதா என்பது இன்றும் அங்கே வாதத்துக்குரியது. 1924இல் உழவர் சிலர் கால்வாயை வெடிவைத்துத் தகர்த்தனர். 1920களின் நடுப்பகுதியில் ஓவென்ஸ் ஏரி வற்றி, உப்புத்தூசி பறக்கும் வெளியாயிற்று. நகரமோ வளர்ந்துகொண்டே சென்றது. 1930இல் நகர மக்கள் வாக்களித்து இசைவு தரவே, கால்வாயை மேலும் வடக்கே மொனோ வரை நீட்டும் வேலை 1934இல் தொடங்கியது. இடையே நின்ற எரிமலைக் குன்றுகளைக் குடைந்து பதினொரு மைலுக்கு மேற்பட்ட சுரங்கம் அமைத்தனர். 1940இல் மாநில நீர் அதிகாரிகள் உத்தரவுப் பத்திரம் வழங்கினர். ஏரிக்குத் தீங்கு நேரும் என்பதை அவர்கள் அறியாதவரல்லர். குடிநீர்த் தேவையே நீரின் தலையாய பயன் என்று சட்டம் கூறுவதால், தடுக்கத் தமக்கு அதிகாரமில்லை என்றே முடிவு செய்தனர். உப்பேரியில் விழும் நீர் வீண் என்பது அக்காலத்தார் எண்ணம். கடலில் விழும் ஆற்றுநீரை வீணென்று எண்ணிப் பழகிய நமக்கும் அவ்வெண்ணம் புதிதன்று.

ஓடைகள் இறந்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஓடை என்பது நீர் மட்டுமன்று. அதன் கரையில் நிற்கும் வில்லோ மரங்களும் கொட்டன்வூட் மரங்களும் அவற்றின் வேர்களுஞ் சேர்ந்ததே ஓடை. நீர் நின்றதும் முதலில் மீன்கள் மடிந்தன. சில ஆண்டுகளில் மரங்கள் பட்டன. பட்ட மரத்தின் வேர் மண்ணைப் பிடிக்காது. 1960களில் உறைபனி மிகுந்த ஆண்டுகள் வந்தபோது அணைகளிற் கொள்ளாத வெள்ளம் பழைய தடத்தில் ஓடியது. அவ்வெள்ளம் உயிர் தரவில்லை. வேரற்ற கரைகளை அரித்துச் சென்றது. ஏரி தாழ்ந்து போனமையால் ஓடையின் கடைவாய் செங்குத்தாயிற்று. எனவே நீர் படுகையைக் குடைந்து குடைந்து இறங்கிற்று. முன்பு பல கிளைகளாய்ப் பரந்து, ஈரநிலமும் தோப்பும் வளர்த்த தடம், ஒற்றை ஆழப் பள்ளமாயிற்று. நீரின்மை ஓடையைக் கொன்றது. பின்வந்த நீர் அதன் உடலைச் சிதைத்தது.

1970இல் இரண்டாவது கால்வாய் தொழிற்படத் தொடங்கியதும் நீர் எடுப்பு இன்னும் மிகுந்தது. 1941இல் கடல்மட்டத்துக்கு மேல் 6,417 அடியில் இருந்த மொனோவின் நீர்மட்டம் 1982இல் 6,372 அடிக்கு இறங்கியது. நாற்பத்தைந்தடி வீழ்ச்சி. ஏரி தன் நீரிற் பாதியை இழந்தது, உவர்ப்பு இருமடங்காயிற்று. நீருக்குள் உருவான சுண்ணக்கற் கோபுரங்கள் கரையேறி வெயிலில் நின்றன. சுற்றுலா வருவோர் அவற்றின் அழகை வியந்து படமெடுக்கின்றனர்; அவை காணக் கிடைப்பதே ஏரி இழந்த நீருக்குச் சான்று என்பதைச் சிலரே நினைப்பர். கடற்காகங்கள் கூடு கட்டும் நெகிற் என்னும் தீவுக்கும் கரைக்கும் இடையே தரை தோன்றியது. கயோட்டி என்னும் ஓநாயினத்து விலங்கு நடந்தே தீவுக்குட் புகலாயிற்று. 1978இல் மாநிலப் படையினர் வெடிவைத்து அத்தரையில் அகழி வெட்ட முயன்றனர். பயனில்லை. மறு ஆண்டு முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட கடற்காகங்கள் அத்தீவைக் கைவிட்டு அகன்றன. உழவர் நீருக்காக வெடிவைத்து அரை நூற்றாண்டு கழிந்து, பறவைக்காக அரசு வெடிவைத்த விந்தை இது.

இவ்வழிவை முதலில் அளந்து கூறியோர் மாணவரே. 1976 வேனிலில் பல்கலைக்கழக மாணவர் சிலர் ஏரிக்கரையில் முகாமிட்டு இறாலையும் ஈயையும் பறவையையும் எண்ணிக் கணக்கிட்டனர். அவர்களுள் ஒருவரான டேவிட் கெயின்ஸ் 1978இல் துணைவியார் சாலியோடும் நண்பரோடும் மொனோ ஏரிக் குழுவைத் தொடங்கினார். அவர்களிடம் பணமில்லை. ஊர் ஊராய்ச் சென்று பட வில்லைகள் காட்டிப் பேசினர். கோடைதோறும் மக்கள் வாளிகளில் ஓடைநீர் மொண்டு கால்நடையாய்ச் சென்று ஏரியில் ஊற்றினர். வேறு சிலர் லொஸ் ஏஞ்சல்ஸ் நீர்த்துறைத் தலைமையகத் தடாகத்திலிருந்து சிறு குப்பிகளில் நீர் எடுத்து, துவிச்சக்கர வண்டியில் 350 மைல் சென்று அதனை ஏரியிற் சேர்த்தனர். ஒரு வாளி நீரால் ஏரி உயராது. என்றாலும் யாருடைய வீட்டுக் குழாயில் எவ்வோடை ஓடுகின்றது என்பதை நகரத்தார் அறிந்தது அதனால்தான்.

1979இல் வழக்குத் தொடரப்பட்டது. நகரிடம் முறையான உத்தரவுப் பத்திரம் இருந்தமையால் வழக்கு வெல்வது அரிதென்றே பலரும் எண்ணினர். வழக்காளர் கையிலெடுத்தது ஒரு பழங்கோட்பாடு. காற்றும் ஓடும் நீரும் கடலும் கடற்கரையும் எல்லோர்க்கும் பொது என்பது உரோமச் சட்டம். அவற்றை அரசு மக்களுக்காகக் காத்து நிற்கும் நம்பிக்கைப் பொறுப்பாளன் என்பது அதன் வழிவந்த கொள்கை. நம் வழக்கிற் சொல்வதாயின் அரசு உடைமையாளன் அன்று, தருமகர்த்தா. கோயிற் காணியைத் தருமகர்த்தா குத்தகைக்கு விடலாம். கோயில் அழியுமாறு விட்டுவிட்டு, முன்னரே எழுதிக் கொடுத்தாயிற்று என்று கைவிரிக்க முடியாது. 1983 பெப்ரவரி 17ஆம் நாள் கலிபோர்ணியாவின் அதியுயர் நீதிமன்றம் இக்கொள்கை மொனோ ஏரிக்கும் அதனை ஊட்டும் ஓடைகளுக்கும் பொருந்தும் என்றும், வழங்கிய நீருரிமையை மீண்டும் சீர்தூக்கிப் பார்ப்பது அரசின் நீங்காக் கடமை என்றும் தீர்ப்பளித்தது. நகரின் தேவையையும் அது புறக்கணிக்கவில்லை. எவ்வளவு நீர் விடவேண்டும் என்றும் கூறவில்லை.

ஓடைகளை நேரடியாகக் காத்தது இன்னொரு வழக்கு. அதற்குக் காரணம் மீன். 1982, 1983 ஆண்டுகளின் பெருவெள்ளத்தால் கிராண்ட் ஏரியின் அணை வழிந்து றஷ் ஓடையில் நீர் ஓடிற்று. அந்நீரோடு டிரவுட் மீன்களும் இறங்கி வந்து தங்கிவிட்டன. 1984இல் நகரம் நீரை மீண்டும் நிறுத்த முற்பட்டபோது தூண்டிற்காரர் வழக்குமன்றேறினர். அணையின் உரிமையாளர் கீழேயுள்ள மீன்கள் நலமாய் வாழப் போதிய நீரை விடவேண்டும் என்னும் சட்டவிதி ஒன்று நெடுங்காலமாக ஏட்டில் உறங்கிக் கிடந்தது. மன்றம் அதனை எழுப்பியது. நீரை நிறுத்தலாகாது என்று ஆணையிட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மொனோ வடிநிலத்தில் இயல்பாக மீனே கிடையாது. நுவரெலியாவின் குளிரோடைகளில் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்டதைப் போலவே, அங்கும் டிரவுட் மனிதர் கொண்டுவந்து விட்ட மீன். வந்தேறிய மீனொன்று ஊரோடையைக் காத்தது. 1989இல் மற்றொரு நீதிபதி, ஏரி 6,377 அடிக்குக் கீழ் இருக்கும்வரை நகரம் அங்கிருந்து நீர் கொண்டு செல்லலாகாது என்றும் தடை விதித்தார்.

தீர்ப்பு எழுதிவிடலாம்; நீருக்கு எங்கே போவது? மொனோவிலிருந்து சென்றது நகரின் தேவையிற் பத்தில் ஒன்றுக்கும் மேற்பட்ட பங்கு. அதுவும் இறைக்காமலே இறங்கி வந்து, வழியில் மின்சாரமும் ஈட்டித் தந்த நீர். அதனை விட்டால் கொலராடோ ஆற்றிலோ வடகலிபோர்ணிய ஆறுகளிலோ பெருஞ்செலவில் இறைத்து வரவேண்டும். அங்கும் மீன் உண்டு, கழிமுகம் உண்டு. மொனோ ஏரிக் குழுவினர் இவ்விடத்தில் நின்ற நிலையே, என் எண்ணத்தில், அவர்கள் செய்தவற்றுள் மிகப் பெரிது. எங்கள் ஏரியைக் காக்க இன்னோர் ஆற்றை வற்றச் செய்ய வேண்டாம் என்றனர். மாற்று நீர் நகருக்குள்ளிருந்தே வரவேண்டும் என்றனர். 1989இல் மாநிலச் சட்டமன்றம் அத்தகைய மாற்று வழிகளுக்கு ஆறு கோடி டொலர் ஒதுக்கியது.

1987 முதல் 1992 வரை கலிபோர்ணியாவில் கடும் வறட்சி. 1991இல் லொஸ் ஏஞ்சல்சில் நீர்ப் பயன்பாட்டுக்குக் கட்டாயக் கட்டுப்பாடு வந்தது. நீர் எங்கே செலவாகின்றது என்று பார்த்தபோது, வீட்டுக்குள் அதிகம் குடிப்பது மலசலகூடத் தொட்டியே என்பது தெரிந்தது. பழைய தொட்டி ஒருமுறை திறந்தால் ஐந்து கலன் நீர் கொட்டும். அதனினும் மிகுதியாய்க் கொட்டுவனவும் இருந்தன. புதிதாய் வந்த தொட்டிக்கு 1.6 கலன், அதாவது ஆறு லீற்றர், போதும். பழையதைக் கொடுத்துப் புதியதைப் பெறும் திட்டத்தை நீர்த்துறை தொடங்கியது. தொடக்கத்தில் வசதியுள்ளோரே அதனால் மிகவும் பயன்பெற்றனர். முன்பணம் கொடுத்துத் தொட்டி வாங்கிப் பின்னர் கழிவு பெறுதல் ஏழை வீட்டுக்கு இயலுமா?

இங்கேதான் கிழக்கு லொஸ் ஏஞ்சல்சின் தாய்மார் வருகின்றனர். மெக்சிக்க வமிசத்தார் நெருங்கி வாழும் உழைப்பாளர் பகுதி அது. 1980களில் தம் பகுதியில் சிறைச்சாலை அமைப்பதை எதிர்த்து எழுந்த தாய்மார் இயக்கத்தின் ஒரு கிளையினர் 1992இல் தொட்டி மாற்றும் பணியை ஏற்றனர். தொட்டிகளை இலவசமாக வழங்கினர். ஒவ்வொரு தொட்டிக்கும் இயக்கத்துக்கு ஒரு தொகை கிடைத்தது. அதனால் அப்பகுதி இளைஞருக்கு வேலை கிடைத்தது, பிள்ளைகளுக்குப் படிப்புதவி கிடைத்தது. வேறு சமூக அமைப்புகளும் இதனைப் பின்பற்றின. காலப்போக்கில் மாற்றப்பட்ட தொட்டிகள் பத்து இலட்சத்தைத் தாண்டின. அப்பகுதிச் சிறுவரை மொனோவுக்கு அழைத்துச் சென்று, அவர்கள் வீட்டில் மிஞ்சிய நீர் ஓடும் ஓடையைக் காட்டும் வழக்கமும் உண்டாயிற்று. நகரின் குடித்தொகை 1970ஐ விடப் பத்து இலட்சத்தினும் மேலாய்ப் பெருகியிருந்தும், இன்று நகரம் செலவிடும் மொத்த நீர் அன்றையதிலும் குறைவு.

மாநில நீர்வளக் கட்டுப்பாட்டுச் சபை நாற்பதுக்கு மேற்பட்ட நாள்கள் விசாரணை நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட சாட்சிகளைக் கேட்டு, 1994 செப்டெம்பர் 28ஆம் நாள் ஒருமனதாகத் தன் முடிவை வெளியிட்டது. 1631ஆம் இலக்க முடிவு என்பது அதன் பெயர். ஏரி 6,392 அடிக்கு உயரவேண்டும். நான்கு ஓடைகளிலும் ஆண்டு முழுவதும் குறித்த அளவு நீர் ஓடவேண்டும். ஏரி 6,377 அடிக்குக் கீழானால் நகருக்கு ஒரு துளியும் இல்லை. 6,380 அடி வரை 4,500 ஏக்கரடி. அதற்குமேல், குறித்த மட்டத்தை அணுகும்வரை 16,000 ஏக்கரடி. ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி ஆழம் நிற்கும் நீரே ஓர் ஏக்கரடி. முன்னே ஆண்டுக்குச் சராசரி எண்பதினாயிரம் ஏக்கரடிக்கு மேல் கொண்டு சென்ற நகரம் இம்முடிவை எதிர்த்து மேன்முறையீடு செய்யவில்லை. வீடுகளிற் சேமித்த நீர் இல்லாதிருந்தால் அவ்வமைதி கிட்டியிராது.

நீர் வந்தபின் ஓடையைச் சீர்செய்வது எப்படி? முதலில் பொறிகளைக் கொண்டு மடுக்கள் தோண்டினர். மரக்கட்டைகளைப் படுகையிற் பதித்தனர். அவற்றுட் சில நிலைத்தன, சில வெள்ளத்தோடு போயின. பின்னர் வந்த அறிவியலாளர் ஓடையின் போக்கிலேயே விடுவது மேல் என்றனர். ஆண்டு முழுவதும் ஒரே சீராய் ஓடும் நீர் வாய்க்காலுக்குத்தான் ஏற்றது. மலையோடைக்கு வேனிற் பனியுருக்கின் வெள்ளம் வேண்டும். அவ்வெள்ளமே வண்டலைக் கரைமேல் ஏற்றிப் படியவைக்கும். வெள்ளம் மெல்ல இறங்கும்போது அவ்வீர வண்டலிலேதான் கொட்டன்வூட் விதை முளைக்கும். விரைந்து இறங்கினால் முளை காய்ந்து போகும். ஆதலால் நீரின் அளவை மட்டுமன்றி, அது ஏறி இறங்கும் வேகத்தையும் விதித்தனர். கரையோர மேய்ச்சலை நிறுத்தினர். அடைபட்ட பழைய கிளைத் தடங்கள் சிலவற்றைத் திறந்துவிட்டனர். வில்லோப் புதர்கள் தாமே செறிந்தன. மஞ்சள் நிறச் சிறு பாடும் பறவைகள் அவற்றிற் கூடு கட்டின. ஆயினும் குடையப்பட்ட பள்ளம் குடையப்பட்டதே. முன்னிருந்த பரந்த தோப்பு மீள இன்னும் பல பத்தாண்டுகள் ஆகும்.

இதற்குத் தெற்கே, 1913இல் வறண்ட ஓவென்ஸ் ஆற்றின் கீழ்ப்பகுதியிலும், வேறொரு வழக்கின் விளைவாக, 2006 டிசெம்பரில் 62 மைல் நீளத்துக்கு நீர் விடப்பட்டது.

மொனோவின் கணக்கு இன்னும் முடியவில்லை. கிராண்ட் ஏரியின் பழைய அணையில் வேண்டிய அளவு பெருவெள்ளத்தை விடத்தக்க மதகு இல்லை. அத்தகைய மதகை அமைக்க நகரம் 2013இல் உடன்பட்டது. சபை அதற்கான ஆணையை 2021 ஒக்டோபரில் பிறப்பித்தது. ஏரி இருபதாண்டளவில் குறித்த மட்டத்தை எட்டும் என்பது 1994இல் போட்ட கணக்கு. 2012இல் தொடங்கிய வறட்சி அதனைப் பொய்ப்பித்தது; ஏரி மீண்டும் 6,377 அடியை நெருங்கியது. 2023இல் சியரா மலையில் அரிதான உறைபனி பொழிந்து ஏரி ஓராண்டுக்குள் ஏறத்தாழ ஐந்தடி உயர்ந்தது. அப்போதும் குறித்த மட்டத்துக்கு எட்டடி குறைவு. எஞ்சிய நீரையும் நகரம் விட்டுக்கொடுக்க வேண்டுமென்று ஒரு சாராரும், விதித்த அளவையே தான் எடுப்பதாக நகரமும் சபையின் முன் வாதிடுகின்றனர். நெகிற் தீவைப் பிரிக்கும் நீரிடை வறண்ட ஆண்டுகளில் இன்னும் ஒடுங்கியே போகின்றது. 2017இல் கயோட்டிகள் மீண்டும் உள்ளே புகாவண்ணம் மொனோ ஏரிக் குழுவினர் அங்கே மின்வேலி அமைக்க வேண்டியிருந்தது.